க்ளோஸ் என்று ஒரு சொல்

மாமாவின் பச்சை ஃபைல் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அட்டையில் சிவப்பு மையில், அவருடைய சாய்வெழுத்தில், ‘க்ளோஸ்டு’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே கோணல்மாணலாக இன்னொரு சொல். தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் மாமா. ஒரு புகார் தீர்ந்தால் அப்படி எழுதி, நாடாவைக் கட்டிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

புகையிலை போட்ட வாய். நாக்கின் ஓரத்தில் வந்த புண் புற்று என்று தெரிந்து, அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய சதையின் ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள், கரண்ட், அதாவது ரேடியேஷன், வைப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்வேன் என்றார் டாக்டர். ரிப்போர்ட்டை வாங்கி வந்து சிட்லபாக்கம் வீட்டில் வாசித்தது நான். ‘மார்ஜின் க்ளோஸ்’ என்று இருந்தது.

“க்ளோஸ்னு போட்டிருக்கானா? அப்ப மேட்டர் முடிஞ்சுதுடி” என்றார் மாமா, குழறும் நாக்கோடு. மாமி உடனே சாமி விளக்கை ஏற்றினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டைப் பச்சை ஃபைலில் போட்டு, அட்டையில் ‘க்ளோஸ்டு’ என்று எழுதி நாடாவைக் கட்டினார். க்ளோஸ் என்றால் நெருக்கம் என்றும் பொருள் உண்டே என்று எனக்கு உறைத்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்த கழுதைக்கு உறைக்காமல் இருக்குமா? ஆனால் கரண்ட் வைத்தால் வாய் வெந்துபோகும் என்று அவர் பயந்து செத்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டேன். நாங்கள் டாக்டரிடம் போகவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து ஏழாம் மாதம் மாமாவின் கழுத்தில் கட்டி வந்தது. டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். “க்ளோஸ்னா முடிஞ்சுதுன்னு இல்லம்மா. கேன்சருக்கும் நாங்க வெட்டின ஓரத்துக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர்தான் இருந்துச்சு. திரும்ப வர சான்ஸ் அதிகம். அதுக்குத்தான் வரச் சொன்னேன்.” அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

கடைசி வாரங்களில் மாமாவுக்குப் பேச்சு நின்றுபோயிற்று. மாமி கடைக்குப் போயிருந்த ஒரு காலையில், “மாமா, அன்னைக்கே எனக்கு டவுட்டு இருந்துச்சு. சொல்லாம விட்டுட்டேன்” என்று அழுதேன். அவர் ஃபைலைக் கேட்டுக் கை நீட்டினார். சிவப்புப் பேனாவால் ஒரு சொல் எழுதி என் மடியில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாமி அதைப் பழைய பேப்பரோடு போடச் சொல்கிறாள். அந்தக் காலைக்குப் பிறகு அவள் அட்டையைப் பார்த்ததில்லை. ‘க்ளோஸ்டு’வுக்குக் கீழே, நடுங்கும் எழுத்தில், ‘எனக்கும்’ என்று இருக்கிறது.