பட்டன் டயருக்குப் பூசிய பளபளப்பு

எனக்குச் சும்மா இருக்க வராது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. ஃபேன் இறக்கையைத் துடைப்பேன், குக்கர் கைப்பிடியின் ஸ்க்ரூவை முடுக்குவேன், துடைத்த ஃபேனையே மறுபடி துடைப்பேன். "உங்க கைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்பாள் என் மனைவி. அந்த ஆயுத பூஜை சமயத்திலாவது வாங்கிப் போட்டிருக்கலாம்.

எங்களுக்கு ஒரே பெண். லேக் கார்டன்ஸில் இதே ஃப்ளாட்டில் வளர்ந்தவள். தமிழைவிட வங்காளி அவளுக்குச் சரளம். சால்ட் லேக்கில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமையானால் சேறு, ஆற்று மணல், மேடு பள்ளம் என்று தேடிப்போய் அதை ஓட்டுகிற ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். எட்டு ஒன்பது பேர் இருந்த அந்தக் கூட்டத்தில் இவள் ஒருத்திதான் பெண். "ஊர்ல இருக்கற பொண்களெல்லாம் வீணை கத்துக்கறது, இவ சேத்துல பொரள்றா" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். வெளியே சொன்னதில்லை.

அந்த வருஷம் அவர்களில் இரண்டு பேரை அருணாசலப் பிரதேசத்தில் நடக்கிற பெரிய போட்டிக்கு அனுப்புவதாக முடிவானது. தேர்வு விஜயதசமியன்று. துர்கா பூஜைக் கூட்டத்திலிருந்து தப்பிக்க ஊருக்கு வெளியே போவது அவர்கள் வழக்கம். டைமண்ட் ஹார்பர் பக்கம் கைவிடப்பட்ட ஒரு செங்கல் சூளையில் செங்குத்தான களிமண் மேடு ஒன்று இருந்தது. அதில் ஏற ஆளுக்கு மூன்று வாய்ப்பு. என் பெண் மூன்று மாதமாக வேறு பேச்சே பேசவில்லை. சாப்பிடும்போதுகூட இடது கால் மேஜைக்கடியில் கிளட்ச் மிதித்துக்கொண்டிருக்கும்.

ஜீப்புக்கு இரண்டு செட் கால்கள் உண்டு. சாலைக்குச் சாதாரண டயர். சேற்றுக்கென்று பெரிய பெரிய பற்கள் வைத்த பட்டன் டயர் நான்கு, கீழே கராஜில் சுவரோரம் சாய்ந்திருக்கும். போகிற இடத்துக்கு அவற்றை நண்பனுடைய சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டுவார்கள். ஆனால் முக்கியமான நாளென்றால், முந்தின நாளே மாட்டி ரயில் லைன் பக்கத்து மண் தரையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம்.

அஷ்டமி காலை அவள் சிநேகிதிகளோடு துர்கைக்குப் புஷ்பாஞ்சலி செய்யப் பூஜைப் பந்தலுக்குப் போயிருந்தாள். தெருக்கோடியில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் கத்தரிக்கோல், அரிவாள்மணை, என் பழைய கால்குலேட்டர் எல்லாம் பூஜையில் ஏறும். என் பெண்ணின் ஆயுதம் எது என்று யோசித்தேன். கராஜுக்கு இறங்கிப்போனேன்.

இரண்டு வாளித் தண்ணீர், கார் ஷாம்பு, முரட்டு பிரஷ். முதலில் ஸ்க்ரூடிரைவரால் பற்களுக்கிடையே சிக்கிய கூழாங்கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். தேய்க்கத் தேய்க்க நுரை டீ டிகாக்ஷன் நிறத்தில் வழிந்தது. நுரை வெள்ளையாக வரும்வரை விடவில்லை. ஒரு டயருக்கு மூன்று தடவை ஆயிற்று. கீழ்வீட்டுக்காரர், நாங்கள் 'தாதா', அதாவது அண்ணா என்று கூப்பிடுகிறவர், பைஜாமா போட்ட கோலத்தில் வந்து நின்று, "என்ன மொஷாய், டயருக்குக் கல்யாணமா?" என்று வங்காளியில் கேட்டுவிட்டுப் போனார்.

காய்ந்ததும் கடையில் வாங்கி வைத்திருந்த டயர் பாலிஷை எடுத்தேன். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஸ்பாஞ்சில் தொட்டுப் பூசினால் ரப்பர் கன்னங்கரேலென்று ஆகிவிடும். பக்கவாட்டில் பூசினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடுவிலே, தரையில் படுகிற பற்கள் மட்டும் வெளுத்துப்போய்ப் பரிதாபமாகத் தெரிந்தன. பாதியை மினுக்கிப் பாதியை விடுவதாவது? ஒவ்வொரு பல்லுக்கும், பல்லிடுக்குக்கும், பழைய பனியன் துணியைச் சுற்றிய குச்சியால் பூசினேன். அது காய்ந்ததும் இரண்டாவது கோட்டிங். முதுகு ஒடிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

நவமியன்று நான்கு டயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, லேக் மார்க்கெட்டில் வாங்கிய சாமந்தி மாலை போட்டேன். என் பெண் இறங்கி வந்து பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அட, புதுசு மாதிரி இருக்கேப்பா. என்ன போட்டேள்?"

"எல்லாம் என் கைராசி" என்றேன். பல்லிலும் பாலிஷ் பூசினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். பெருமை யாரை விட்டது.

"சரி, மாட்டிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"இன்னிக்கா? பூஜைல வச்சத தொடப்படாது. நாளைக்குக் காலம்பற மறுபூஜை ஆனப்பறம் எடுத்துக்கோ."

"பிடிப்பு எப்டி இருக்குன்னு பாக்கணும்பா."

"விஜயதசமில ஆரம்பிச்சா எல்லாம் பிடிக்கும். போடி."

என் மனைவியும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். பெண் கொஞ்ச நேரம் டயர்களையே பார்த்துவிட்டு, "டிக் ஆச்சே, சரிப்பா" என்று மேலே போய்விட்டாள். அவள் பிடிவாதக்காரி, எங்களுக்காகத்தான் விட்டுக்கொடுத்தாள்.

தசமி காலை எட்டு மணிக்கு லாரியில் டயர்கள் ஏறின. அவள் ஜீப்பில் பின்னால் போனாள். பத்து மணி வாக்கில் நான் கராஜைப் பெருக்க இறங்கினேன். மூலையில் பாலிஷ் டப்பா. மூடியைச் சரியாகத் திருகும்போது பின்பக்கம் கண்ணில் பட்டது. பக்கவாட்டில் மட்டும் பூசவும், தரையில் படும் பகுதியில் பூசக்கூடாது, வழுக்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் வருகிறவர்களிடம் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னவன் நான்.

தேர்வு ஒரு மணிக்கு. மூன்று மணி நேரம் இருந்தது. கைபேசியை எடுத்து அவள் பெயர்வரை போய்விட்டேன். சொல்லியிருந்தால் அங்கேயே சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்திருப்பார்கள், அரைமணி வேலை. ஆனால் அத்தனை பையன்கள் நடுவில் அவள் ஃபோனில் பல்லைக் கடிப்பாள், 'காகு', அதாவது அங்கிள், பண்ணின கூத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. நாலு அடி மண்ணில் உருண்டால் தானே போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கராஜைப் பெருக்கி முடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் வெறுப்பாக வருகிறது.

சாயங்காலம் அவள் திரும்பினாள். மூன்று தடவையும் பாதி மேட்டில் வண்டி வழுக்கிப் பின்னால் இறங்கிவிட்டது. அடி கிடி எதுவும் இல்லை. வேறு இரண்டு பேர் தேர்வாகிவிட்டார்கள்.

"என் கால்தான்பா. கிளட்ச விட்ட விதம் சரியில்ல" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அதனாலென்ன, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன் நான்.

சற்று நேரத்தில் கீழ்வீட்டு தாதா விஜயதசமி வாழ்த்துச் சொல்ல சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தார். என்ன ஆச்சு என்று விசாரித்தார். "கிளட்ச்சில் கொஞ்சம் பிசகிவிட்டாள்" என்று வாய் கூசாமல் நானே வங்காளியில் விளக்கினேன். என் பெண் தட்டில் சந்தேஷை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தாள். வங்காளிகளுக்குத் தை மாசத்தில் வரும் சரஸ்வதி பூஜைக்குப் பின் ஜீப்பை விற்றாள். புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். டயர்களும் வண்டியோடு போயின. டப்பா மட்டும் கராஜ் அலமாரியில் இருக்கிறது. எதையும் தூக்கிப் போடாத நான் அதையும் போடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, இந்த ஆயுத பூஜைக்கு ஸ்பேனர் எடுக்கப் போனபோது டப்பா கையில் இடறியது. அங்கேயே, கராஜிலேயே நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன். பாலிஷ், பற்கள், பொடி எழுத்து, கைபேசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும்பா" என்றாள்.

"எப்டிம்மா?"

"மூணாவது தடவை எறங்கினப்பறம் டயரத் தொட்டுப் பாத்தேன். கையெல்லாம் வழவழன்னு ஒட்டித்து."

"அங்கயே சொல்லியிருந்தா இன்னொரு சான்ஸ் குடுத்திருப்பாளே."

"எங்கப்பா பண்ணினார்னு அவா முன்னாடி எப்டிப்பா சொல்றது?"

"அப்ப எங்கிட்ட ஏன் கிளட்ச்னு சொன்னே?"

"'இல்லடி, அது உன் தப்பில்ல'ன்னு நீங்களா சொல்லுவேள்னுதான் அப்டிச் சொன்னேன். நாலு மாசம் பாத்தேன்பா. அப்பறம்தான் வண்டிய வித்தேன்."