சாவி கொடுக்காமல் நின்ற மூன்று நிமிஷம்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு சின்னப் பூட்டுக்கடை இருக்கிறது. பூட்டு விற்பதைத் தவிர அந்தத் தெருவில் எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாராவது வலிப்பு வந்து ரோட்டில் விழுந்தால், கையில் கொடுக்க இரும்புச் சாவி கேட்டு நேராக எங்கள் கடைக்குத்தான் ஓடிவருவார்கள். பஸ் ஏற வருகிற கூட்டம் என்பதால் அவ்வப்போது இது நடக்கும். அதற்கென்றே கல்லாவுக்கு மேலே கனமான ஒரு சாவிக்கொத்தை மாட்டி வைத்திருந்தேன். புண்ணிய காரியம் என்று அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆறாம் வகுப்பு படிக்கிற என் மகள் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து மஞ்சள் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். வலிப்பு நோய் உள்ள குழந்தைகளின் வைத்தியத்துக்காகப் பிள்ளைகள் நிதி திரட்டுகிறார்களாம். வழக்கமாக இப்படி அட்டை வந்தால் நானே மொத்தமாக ஒரு தொகையைப் போட்டுக் கொடுத்தனுப்பிவிடுவேன். இந்தத் தடவை அது நடக்காது என்றாள். அட்டையில் மூன்று கேள்விகள் அச்சடித்திருந்தார்கள். யாரிடம் போனாலும் முதலில் கேள்வியைக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பின்பக்கம் இருக்கிற சரியான விவரத்தைச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் அட்டையில் கையெழுத்தும் காசும் வாங்கலாம். அவளுடைய டீச்சர் போட்ட நிபந்தனை.

முதல் ஆள் நான். வலிப்பு வந்தவர் கையில் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டுக்கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? சாவி என்றேன். தப்பு, எதையும் கொடுக்கக் கூடாது என்றாள். நான் விடவில்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், சாவி கொடுத்த ரெண்டு மூணு நிமிஷத்தில் நின்றுவிடும் என்று அடித்துச் சொன்னேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சாவி கொடுக்காம விட்டா எத்தன நிமிஷத்துல நிக்கும்ப்பா?"

கொடுக்காமல் இருந்து பார்த்ததே இல்லையே என்றேன்.

"அப்பொறம் எப்படி சாவியாலதான் நிக்குதுன்னு சொல்றீங்க?"

மடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரெண்டு நாள் அது என் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் சாயங்காலங்களில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒருவர், வாய் நுரை பட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்றாராம். இன்னொருவர், அவர்கள் எல்லாம் வேலைக்குப் போக முடியுமா என்று இவளையே திருப்பிக் கேட்டாராம். பதில் தெரியாததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போய் டீச்சரிடம் கேட்டுவந்தாள்.

சனிக்கிழமை அவளும் கடையில் இருந்தாள். பதினொரு மணி வாக்கில் இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண், பெட்டிக்குப் போட சின்னப் பூட்டு கேட்டு வந்தாள். எரியோடு பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே விடுதியில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் நின்றுவிட்டாள். பார்வை எங்கேயோ குத்திட்டது. அடுத்த நொடி வாசலில் கிடந்தாள். கை கால் வெட்டி இழுத்தது.

என் கை தானாகச் சாவிக்கொத்தை எடுத்துவிட்டது. அதற்குள் மகள் என் தோளில் கிடந்த துண்டை உருவி, மடித்து அந்தப் பெண்ணின் தலைக்கடியில் வைத்தாள். பக்கத்தில் கிடந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டாள்.

"சாவி வேணாம்ப்பா. மணியப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா நூத்தியெட்டுக்குப் போன் போடணும்."

கூட்டம் கூடிவிட்டது. காலை அமுக்கிப் பிடிக்க வந்தவரை வேண்டாம் என்று தடுத்தாள். டீக்கடைக்காரருக்குக் கோபம். "என்னண்ணே, சாவியக் கையில வச்சுக்கிட்டே வேடிக்கை பாக்குறீக?" என்றார். ஒருவர் என் கையிலிருந்து பிடுங்கவே வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தெருவே என்னைத்தான் சொல்லும். பதினோரு வயதுப் பிள்ளை அட்டையில் படித்ததை நம்பி நிற்பதா? மகளைப் பார்த்தேன். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாவிக்கொத்தை மேசை டிராயருக்குள் போட்டு மூடினேன். தர மாட்டேன் என்றேன்.

ஒரு நிமிஷம் ஆனது. ரெண்டானது. அவ்வளவு நீளமான நிமிஷங்களை நான் பார்த்ததில்லை. ரெண்டரையில் இழுப்பு தளர்ந்தது. மூன்று ஆவதற்குள் தானாகவே நின்றுவிட்டது. நானும் மகளும் சேர்ந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். மூச்சு சீராக வந்தது.

கண் விழித்தவள் முதலில் எங்களைப் பார்க்கவில்லை. வாய்க்குள் விரலை விட்டுப் பற்களைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தத் தடவ யாரும் வாயில எதும் வைக்கலையாண்ணே?"

இல்லை என்றேன். முந்தின வருஷம் இதே பேருந்து நிலையத்தில் விழுந்தபோது, யாரோ சாவியை வைத்துப் பல்லை நெம்பியதில் கடைவாய்ப் பல் உடைந்துபோனதாம். அந்தச் சாவி எந்தக் கடையிலிருந்து போனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்தது. நன்றாகத் தெளிந்ததும் தண்ணீர் குடித்தாள். விடுதியில் யாருக்கும் இது தெரியாதாம். மாத்திரையை அறைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் பெட்டிக்குப் பூட்டு. அவர்கள் முன்னால் எடுக்க முடியாமல் ரெண்டு நாளாகப் போடவில்லையாம்.

மகள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அக்கா, விழுகுறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். நான் கண்ணால் அதட்டினேன். அந்தப் பெண்ணோ கொஞ்சம் சிரித்தாள்.

"இம்புட்டு நாள்ல யாரும் எங்கிட்ட இதக் கேட்டதில்ல பாப்பா."

ரப்பர் கருகுகிற வாசனை வருமாம். பேச்சுச் சத்தமெல்லாம் தண்ணிக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் ஆகிவிடுமாம். உடம்பு வலியைவிட, கண் விழிக்கும்போது சுற்றி நிற்கிற முகங்களைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்றாள். மகள் அடுக்கடுக்காகக் கேட்டாள், அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அந்தப் பெண் மகளுடைய அட்டையை வாங்கி ரெண்டு பக்கமும் நிதானமாக வாசித்தாள். தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். ரூமில் இருக்கிற பிள்ளைகளிடம் கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்கிறேன், என்னைப் பற்றி அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். டீச்சர் கூடுதலாகக் கொடுத்திருந்த அட்டை ஒன்றை மகள் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் பூட்டையும் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

ஒன்றரை மாதம் கழித்து, கூடத் தங்கியிருக்கும் ஒரு பெண்ணோடு வந்தாள். அட்டை நிறையக் கையெழுத்து. கூட வந்தவள்தான் அதிகம் பேசினாள். ராத்திரி மாத்திரையை ஞாபகப்படுத்துவது இப்போது அவள் பொறுப்பாம். பக்கத்தில் இவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

இத்தனை வருஷத்தில் என் கடை வாசலில் எத்தனையோ பேர் விழுந்து எழுந்து போயிருக்கிறார்கள். உதவி செய்துவிட்டோம் என்று திரும்பிக் கடைக்குள் போயிருக்கிறேனே தவிர, எழுந்து உட்கார்ந்தவரிடம் உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை நின்று கேட்டதில்லை. யாரைப் பற்றியாவது எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கும்போதெல்லாம் அது இன்றைக்கும் உறுத்துகிறது.