பேராசிரியரிடம் பத்திரமாக இருக்கும் அத்தை

இரண்டு வாரத்துக்கு முன் ஹட்டனில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு வரலாற்றுப் பேராசிரியருக்குப் பாராட்டு விழா. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டத் தொழில்கள்தான் அவர் துறை. பங்களா சமையல்காரர், குதிரைக்காரர், சலவைக்காரர் என்று ஆளுக்கொரு புத்தகம். புத்தகத்துக்கொரு பதவி உயர்வு. புரொஜெக்டர் என் பொறுப்பு.

2. கடைசி வரிசையில் என் அத்தை. மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். வரலாற்றுக்காக அல்ல... விழா முடிந்ததும் என்னோடு கடைக்குப் போக.

3. பேராசிரியர் முழங்கினார்: "நம் ஆவணங்களை வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனான்!" கைத்தட்டல்.

4. அடுத்த ஸ்லைடு, தோட்டத்துப் பிறப்புப் பதிவேட்டில் ஒரு பக்கம். ஓரிடத்தில் சிவப்பு வட்டம். "தகப்பன் வீரன். தொழில், தப்பால்காரன். தினமும் மலையேறி துரைக்குக் கடிதம் சுமந்தவன்!"

5. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "அது எங்கப்பாங்க!"

மறுபடியும் கைத்தட்டல். உருக்கமான காட்சி என்று நினைத்துவிட்டார்கள்.

அத்தை உருகவில்லை. அவருக்கு அந்தப் பதிவேட்டுப் புத்தகம் வேண்டும். மகள் திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், தையில் தலைப்பிரசவம். போவதற்கு பாஸ்போர்ட், அதற்குப் பிறப்புச் சான்றிதழ், அதற்கு இந்தப் பதிவேடு. தோட்ட ஆபீஸில் இரண்டு வருடமாக ஒரே பதில்தான்: "புக்க காணோம்மா."

காணாமல் போன புத்தகம் திரையில் ஆறடி உயரத்துக்கு நின்றது. வட்டத்துக்கு வெளியே, அதே வரியில், பிறந்த குழந்தையின் பெயர் — அத்தையின் பெயர். குழந்தை பிறப்பது பேராசிரியரின் துறை இல்லையே!

தேநீர் நேரத்தில் அவரைப் பிடித்தோம்.

"சார், அது எங்க தோட்டத்து புக்குங்க. உங்க கைக்கு எப்பிடிங்க வந்துச்சு?"

"தோட்ட ஆபீஸ் கிளாக்கர் தந்தாரம்மா. அங்கேயே கிடந்தா கறையான் தின்னிருக்கும். கொழும்புல என் வீட்டுல பத்திரமா இருக்கு."

"கையெழுத்துப் போட்டு எடுத்தீங்களா சார்?" என்றேன்.

சிரித்தார். கோட் போட்டு இங்கிலீஷ் பேசுகிறவரிடம் எந்தக் கிளாக்கர் கையெழுத்துக் கேட்பார்? தோட்டத்தில் வேலை செய்யும் அத்தையிடம் ஒரு நாள் லீவுக்கு இரண்டு கையெழுத்து வாங்குகிறவர்தான் அந்தக் கிளாக்கர்.

"எப்பங்க திருப்பித் தருவீங்க?"

"ஆய்வு முடியட்டும்மா."

அத்தை கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா ஒரு நாளும் தப்பால தன் வீட்டுல வச்சிக்கிட்டதில்லீங்க சார். மழையோ அட்டைக்கடியோ, அன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டுத்தான் சோறு திம்பாரு."

பேராசிரியர் உடனே நோட்டை எடுத்தார். "அருமையான தகவலம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க..."

அந்த ஸ்லைடை அச்செடுத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழ் தரும் அலுவலகத்துக்குப் போனோம். அசல் வேண்டும் என்றார்கள். பேராசிரியருக்கு போன் செய்தேன். எழுத்துமூலம் கேளுங்கள் என்றார். எழுதினோம்.

இன்றைய நிலை: பதிவேடு கொழும்பில். கடிதத்துக்குப் பதில் இல்லை. தையில் மகளுக்குப் பிள்ளை பிறந்துவிடும்.

அத்தை இன்னும் பிறக்கவில்லை.