பிலோமினா அக்காவுக்கு விழாத வாக்குகள்

குளிர்கால டயர் மாற்றுவதற்குக் காரைக் கொடுத்துவிட்டு கராஜில் காத்திருந்தபோதுதான் சூசை அண்ணையின் அழைப்பு வந்தது. எங்கள் பங்குக் கோவிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர். லேசில் குரல் தளம்புகிற ஆள் இல்லை. "தம்பி, பிலோமினா அக்கா போயிட்டா. விடிய ஆறு மணிக்கு" என்றார்.

கார் ஆயத்தமாகும் முன்பே என் கைபேசியில் அஞ்சலிகள் வந்து விழத் தொடங்கிவிட்டன. மெழுகுதிரிப் படம், ரோசாப்பூப் படம், கைகூப்பிய படம். ஒன்றில் அக்காவின் முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: "மக்கள் மனங்களை வென்றவர்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனங்களை வென்றாராம்! அந்த மனங்கள் எல்லாம் தேர்தல் நாளன்று எங்கே போயிருந்தன? அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. வராவிட்டால் போகட்டும்.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலோமினா அக்கா மன்னாரில் பிறந்தவர். புலம்பெயர்ந்து வந்து ஸ்காபரோவில், ரூஜ் பக்கம் குடியிருந்தவர். கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிள்ளைகளுக்கு அவர் 'லஞ்ச் அன்ரி'. அந்த வேலை முடிந்த பிறகு, சம்பளமில்லாத இன்னொரு வேலையை அவர் தானாகவே தலையில் தூக்கி வைத்திருந்தார். பேசத் தாமதமான பிள்ளைகள், படிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் என்று பாடசாலைகள் தாய் தகப்பனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், அக்காவும் கூடப் போவார்.

என் இளைய மகனுக்காகவும் வந்தார். அவனுக்கு அப்போது ஏழு வயது; சொற்கள் வரவில்லை. மேசையின் அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நானும் மனைவியும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஐ ஆம் த அன்ரி" என்றபடி அக்காவும் வந்து இருந்தார். கனிவாகத்தான் பேசினார்கள். கடைசியில் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்கள். நான் பேனையை எடுத்துவிட்டேன். அக்கா தன் உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்தார். "தம்பி, வாசிச்சுப்போட்டு வையுங்கோ. பேனை எங்கையும் ஓடாது." வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தோம். மகனை ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள சிறப்பு வகுப்புக்கு அனுப்ப எழுதியிருந்தார்கள். அதே வகுப்பு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருந்தது. கேட்டோம், கிடைத்தது. கேட்காவிட்டால் கிடைத்திராது.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கிட்ட இருந்த வகுப்பையே மூடப் போவதாகக் கதை வந்தது. அக்கா, பாடசாலைகளை நடத்துகிற கல்விச் சபையின் கூட்டத்துக்குப் போய்த் தனக்குத் தந்த ஐந்து நிமிடத்தில் பேசினார். நானும் போயிருந்தேன். சபை உறுப்பினர்கள் தண்ணீர் குடித்தார்கள், நன்றி சொன்னார்கள், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து கோட்டின் பொத்தானைப் பூட்டியபடி அக்கா சொன்னார்: "இந்தப் பக்கம் நிண்டு கத்தி வேலையில்லை தம்பி. அந்த மேசைக்குப் பின்னாலை போய் இருக்கவேணும்." அப்படித்தான் அவர் கத்தோலிக்கக் கல்விச் சபைத் தேர்தலில் நின்றார். நிற்பதற்காகப் பாடசாலை வேலையில் சம்பளமில்லாத லீவு எடுக்க வேண்டியிருந்தது. வென்றிருந்தால் அந்த வேலையையே விட்டிருக்க வேண்டும்.

எங்கள் பெரியவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. யூனியன்வில்லில் ஒரு ஒன்றுகூடலில், எல்லா மேடையிலும் மாலையோடு நிற்கும் ஒருவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, உது சின்னப் பதவியெல்லே. நகரசபைக்குக் கேட்டால் நாங்கள் எல்லாரும் பின்னாலை நிப்பம்." அக்கா விடவில்லை. "சின்னப் பிள்ளையளுக்குச் சின்னப் பதவி காணும் அண்ணை. நீங்கள் பின்னாலை நிக்க வேண்டாம், வோட்டுப் போட்டால் போதும்." அவர் கோப்பித் தட்டைத் தேடிப் போய்விட்டார்.

இனி, இந்தத் தேர்தல் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் இங்கே இருந்தும் நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நாலு வருடத்துக்கு ஒரு முறை நகரபிதாவுக்கும் நகரசபைக்கும் வாக்களிக்கும் அதே சீட்டில், அடியில், கல்விச் சபை உறுப்பினருக்கும் ஒரு இடம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே சீட்டுக் கிடைக்காது. பொதுப் பாடசாலைச் சபை ஒன்று, கத்தோலிக்கப் பாடசாலைச் சபை ஒன்று, பிரெஞ்சு மொழியில் இன்னும் இரண்டு. உங்கள் பெயர் எந்தச் சபையின் ஆதரவாளராகப் பதிந்திருக்கிறதோ அந்தச் சீட்டைத்தான் தருவார்கள். நீங்கள் எதுவும் பதியாவிட்டால் பொதுச் சபைப் பக்கம் போட்டுவிடுவார்கள். கத்தோலிக்கர் ஒருவர், தான் கத்தோலிக்கச் சபையின் ஆதரவாளர் என்று ஒரு படிவம் நிரப்பியிருக்க வேண்டும். ஞானஸ்நானம் எடுத்தது போதாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவதும் போதாது. பிள்ளை கத்தோலிக்கப் பாடசாலையில் படிப்பதால் மட்டும் சீட்டு மாறாது.

வாக்காளர் பட்டியல் கையில் கிடைத்ததும் அக்கா அதைச் சமையலறை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தார். பூசையில் பக்கத்தில் இருப்பவர்கள், திருவிழாவில் திருச்சொரூபக் கூடு தூக்குபவர்கள் என்று வீடு வீடாகப் பெயர்கள் இல்லை. எல்லாரும் பொதுச் சபைப் பக்கம் கிடந்தார்கள். அக்கா திகைத்து நின்றது கொஞ்ச நேரம்தான். பங்குக் குடும்பங்களைப் பிரித்து நாலு பேரிடம் கொடுத்தார். எனக்கு முப்பத்தாறு வீடு. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: படிவத்தை நிரப்புங்கோ. நிரப்பாவிட்டால், வாக்களிக்கிற அன்றைக்கு மேசையில் இருக்கிறவரிடம் "நான் கத்தோலிக்க ஆதரவாளர், என் பதிவைத் திருத்துங்கோ" என்று கேளுங்கோ. கையெழுத்து வைத்தால் அங்கேயே சரியான சீட்டைத் தருவார்கள்.

நான் பதினைந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நாங்கள் வேதக்காரர் எண்டு அவங்களுக்குத் தெரியாதோ?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "மாத்தினால் வீட்டு வரி ஏறுமோ?" என்றார் இன்னொருவர். ஏறாது என்றேன், நம்பவில்லை. மூன்றாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது. மிச்சம் இருபத்தொரு வீடும் படித்த ஆட்கள், தெரிந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, எல்லாவற்றுக்கும் சரி அடையாளம் போட்டுக் கொடுத்தேன். "முடிஞ்சுதோ?" என்றார் அக்கா. "ஓம் அக்கா, முடிஞ்சுது" என்றேன். "உம்மடை வீடும் பாத்தாச்சோ?" "ஓம், ஓம்."

பார்க்கவில்லை. வாக்குச்சாவடியில் மேசையில் இருந்த பெண் என் பெயரைத் தேடி ஒரு சீட்டை நீட்டினாள். அடியில் பார்த்தேன். அக்காவின் பெயர் இல்லை. முன்பின் அறியாத நாலு பெயர்கள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. "ஆல் குட்?" என்றாள். "யெஸ், தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனேன். வாய் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். ஊரில் சோதனைச் சாவடியில் நின்ற பழக்கம், அதிகாரி தரும் தாளைக் கேள்வி கேட்கப் பயம் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோமே, அந்தச் சாக்கை இனி என்னிடம் கொண்டுவராதீர்கள். நான் இங்கே இருபத்தேழு வருடம். பார்க்கிங் ரிக்கற் ஒன்றுக்காக நீதிமன்றம் வரை போய் வாதாடியவன்.

சைவக்காரர்கள் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குச் சரியான சீட்டுத்தான் கிடைக்கிறது. நகரபிதாவுக்குப் போட்டுவிட்டு அடியை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறீர்கள். கேட்டால், "உதுக்கு ஆர் நிக்கினமெண்டே தெரியாது" என்கிறீர்கள்.

அக்கா அறுபத்து மூன்று வாக்கால் தோற்றார். ஒரு கோச்சு பஸ்ஸில் சிலரை நிற்க வைத்து ஏற்றினால் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள்.

இரண்டு நாள் கழித்து, மழைத் தூறலில், வீட்டுப் புல்தரைகளில் நட்ட தேர்தல் பெயர்ப் பலகைகளைப் பிடுங்க அக்காவோடு போனேன். ஒரு வீட்டில் ஆள் குடையோடு ஓடி வந்தார். "அக்கா, எங்கடை வீட்டிலை நாலு வோட்டும் உங்களுக்குத்தான்!" அக்கா "நன்றி தம்பி" என்று பலகையை வாங்கிக்கொண்டார். காருக்குள் ஏறியதும், "அந்த வீட்டிலை ஒரு பெயரும் என்ரை பட்டியலிலை இல்லை. என்ரை பெயர் இல்லாத சீட்டிலை எனக்கு எப்பிடிப் போட்டவராம்?" என்று சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"உம்மடை வீடும்தான் இல்லை. முதல் நாளே பாத்தனான்."

"அக்கா, ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"கேட்டனானெல்லே! ஓம் ஓமெண்டீர். ஊருக்குச் சொல்லுற வேலையை எடுத்த ஆளுக்கு வீட்டுக்கு வந்து நான் சொல்லவேணுமோ? உம்மடை பிள்ளையின்ரை வகுப்பு, தம்பி. என்ரை பிள்ளையின்ரையில்லை."

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. பூசையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். இன்றைக்கு எல்லாரும் அவரைச் சாந்தசொரூபி என்று எழுதுகிறார்கள். சும்மா விடுங்கோ! அக்காவுக்கு நல்ல கோபம் வரும். வர வேண்டிய இடத்தில் வரும்.

புதுச் சபை அந்த வகுப்பை மூடியது, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். அக்காவைத் தோற்கடித்தவர் மூடுகிற பக்கம் போட்டார். அக்கா அந்தக் கதிரையில் இருந்திருந்தால் வகுப்பு இருந்திருக்கும். கணக்கு அவ்வளவுதான், இதில் ஆண்டவரை இழுக்க ஒன்றுமில்லை. அக்கா மறுபடி தாய் தகப்பன்மாரோடு கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். பிறகு புற்றுநோய் வந்து மருந்து ஏற்றிய வாரங்களிலும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போனார். என் மகனைத் தூரத்து வகுப்புக்கு மாற்றுகிற கூட்டத்துக்கும் வந்தார். கதைக்காமல் இருந்த அந்த மாதத்தைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து கோவில் மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் கூடியபோது பேச்சுகள் நடந்தன. "நூலிழையில் தவறிவிட்டது" என்றார் ஒருவர். "எல்லாம் ஆண்டவரின் சித்தம்" என்றார் மாலைக்காரர். என்னால் பொறுக்க முடியவில்லை. எழும்பிப் போய் ஒலிவாங்கியை வாங்கினேன். "அக்காவுக்கு வோட்டுப் போட்ட ஆக்கள் எல்லாரும் கையைத் தூக்குங்கோ" என்றேன்.

மண்டபம் முழுக்கக் கை. குடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். இருநூறுக்குக் குறையாது. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். என் மனைவி மட்டும் தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

"அறுபத்து மூண்டு வோட்டாலை தோத்தவ. இவ்வளவு கை இருந்தும் எப்பிடித் தோத்தவ?" என்றேன். "என்ரை கையைப் பாருங்கோ. நான் தூக்கேல்லை. நான் போடேல்லை. பிழையான சீட்டெண்டு தெரிஞ்சும் வாங்கிக்கொண்டு போனனான்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் அச்சடித்துக் கொண்டுபோன படிவங்களை மேசை மேசையாக வைத்தேன். ஒரு முதியவர், "செத்த வீட்டிலை உதென்ன வேலை?" என்றார். "செத்தவவின்ரை வேலை ஐயா" என்றேன். அன்றைக்குக் கையெழுத்து வைத்துத் தந்தவர்கள் பதினொரு பேர். மிச்சப் படிவங்களில், சாப்பிட வைத்த றோல்ஸின் எண்ணெய் பட்டிருந்தது.

அவருடைய படத்தைப் பலர் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். எனக்கு அக்காவிடமிருந்து வேண்டியது அவருடைய கோபம் ஒன்றுதான். அதை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறவிடமாட்டேன் அக்கா. விடிய ஆறே முக்காலுக்கு, அந்தத் தூரத்து வகுப்புக்குப் போக மகனை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நிற்கையில், அது எனக்கு ஒவ்வொரு நாளும் வேண்டியிருக்கிறது.