புதுப் படத்தின் பெயரில் ஒரு கலியாணம்

“மிஸ், என்ட கடைக்கு ஒருக்கா வாங்க. ஒங்கட தம்பி எனக்கு நல்ல வேல ஒண்டு செஞ்சு ஈக்கார்.”

போன செவ்வாய்க்கிழமை நஸீர் நானா போனில் இப்படிச் சொன்னபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கிவிட்டதாகச் சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

நஸீர் நானாவுக்குக் கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோ. கலியாண வீடியோ எடுப்பார். கடையின் முன்பக்கத்தில் புதுப் படங்களின் சீடியும் விற்பார். ஒரிஜினலா என்று யாரும் கேட்பதில்லை... அவரும் சொல்வதில்லை.

என் தம்பி முரளியின் கலியாணத்தை வீடியோ எடுத்ததும் அவர்தான். மணப்பெண் தேவிகா கண்டியிலேயே ஹந்தானைப் பக்கம். பள்ளிக்கூட ரீச்சர். கலியாணம் நல்லபடி நடந்தது. ஒரே ஒரு குறை — யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவால் வர முடியவில்லை. யுத்தத்தில் பாதை பூட்டிக் கிடப்பதை நான் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? கப்பலுக்குப் பதிந்தார். ஆமியின் கிளியரன்ஸ் கிடைக்கவில்லை. முரளி தாலி கட்டும் நேரம் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். லைன் நடுவில் அறுந்துவிட்டது.

வீடியோவையாவது பார்க்கட்டும் என்று சீடி அனுப்பினோம். போய்ச் சேரவில்லை. திரும்ப அனுப்பினோம். அதுவும் அப்படியே.

“இன்டர்நெட்டில போட்டால் அம்மா அங்க நெட் கஃபேயில பார்ப்பா” என்றான் முரளி. துண்டு துண்டாக வெட்டி ஏற்றினான். அம்மா நல்ல சீலை உடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். திரையில் கலியாணம் இல்லை. ஓர் அறிவித்தல் மட்டும். உரிமை மீறலாம். அகற்றிவிட்டார்களாம்.

எங்கள் வீட்டுக் கலியாணம் யாருடைய உரிமையை மீறியது?

விசாரித்தால்... தாலி கட்டும் இடத்தில் நஸீர் நானா ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார். கெட்டிமேளத்தை அமத்திவிட்டு! பாட்டு இந்தியாவில் ஒரு கம்பனிக்குச் சொந்தம். முரளி பணிவாக எழுதிக் கேட்டான். ‘உலகம் முழுவதும் காட்சிப்படுத்துவதற்கான கட்டணம் குறித்து எங்கள் சட்டப் பிரிவைத் தொடர்புகொள்ளவும்’ என்று பதில் வந்தது. உலகமா? நாங்கள் காட்ட நினைத்தது ஒரு தாய்க்கு!

பாட்டை எழுதியவர், பாடியவர், வயலின் வாசித்தவர் — அவர்களும் சாப்பிடத்தானே வேண்டும்? கட்டாயம். ஆனால் என் அம்மாவின் கண்ணை மறைத்தால் அவர்கள் தட்டில் என்ன விழும்? எனக்கு விளங்காத விஷயம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பாட்டை எடுத்துவிட்டுத் தரமுடியுமா என்று நஸீர் நானாவைக் கேட்டோம். எங்கள் டேப்பின் மேல் வேறு கலியாணம் எடுத்தாகிவிட்டதாம். சத்தமே இல்லாமல் போடலாமே என்றேன்.

“செத்தவீடு மாதிரி இருக்கும் அக்கா” என்றான் முரளி.

பிறகுதான் அவன் வேறு வழிக்குப் போனான். ஆட்கள் கம்பியூட்டருக்குக் கம்பியூட்டர் பைல்களைப் பகிர்ந்துகொள்ளும் அந்த வழி. அதில் ஒரு கூத்து என்னவென்றால், நிறையப் பேர் எடுத்தால்தான் வேகமாக இறங்கும். முரளியின் கலியாணத்தை யார் எடுப்பார்கள்? ஆகவே, ஒரு புது ஹிந்திப் படத்தின் பெயரைப் பைலுக்கு வைத்துவிட்டான். எனக்குச் சொல்லவில்லை. தேவிகாவுக்கும் சொல்லவில்லை.

ஆட்கள் விழுந்தடித்து எடுத்தார்கள். நஸீர் நானாவும் எடுத்தார். திறந்து பார்க்காமலே கொப்பி அடித்து விற்றும்விட்டார். வாங்கியவர்கள் வந்து கத்திய பிறகுதான் போட்டுப் பார்த்திருக்கிறார். பார்த்தால்... அவரே எடுத்த வீடியோ!

“கேக்காம என்ட வேலய இன்டர்நெட்ல போட்டா நான் எப்பிடி மிஸ் பொழைக்கிற?” என்று கடையில் நியாயம் கேட்டார். அவருக்குப் பின்னால் அலுமாரி நிறையப் புதுப் படங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒரு பொலிஸ்காரரும் வாங்கிட்டுப் போன. இன்னம் திருப்பித் தரல்ல.”

மாப்பிள்ளை புறப்படும் காட்சியில் குண்டசாலையிலுள்ள எங்கள் வீட்டுக் கேற் தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் சொந்தக்காரப் பொடியன்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வரும். எல்லாம் யாழ்ப்பாணத்து முகங்கள். யாழ்ப்பாணத்துப் பொடியன் என்றாலே சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போகும் இந்தக் காலத்தில் அதை நாங்களே படம்பிடித்துக் கொடுத்திருக்கிறோமா?

தேவிகாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. கத்தவில்லை.

“பாட்டுக்குக் கம்பனிகிட்ட அனுமதி கேட்டாரு. என் மொகத்துக்கு யாருகிட்ட கேட்டாரு, அண்ணி?”

“அழிச்சுப்போட்டன் தேவி” என்றான் முரளி.

“எதுலேருந்து?”

“எங்கட கம்பியூட்டரில இருந்து.”

“மத்தவங்க கம்பியூட்டர்லேருந்து?”

நான் எழுந்துபோய்க் கேற்றைப் பூட்டிவிட்டு வந்தேன்.

அதன்பின் கேற்றில் யார் தட்டினாலும் ஜன்னல் இடுக்கால் பார்த்துவிட்டுத்தான் திறந்தோம். வெள்ளிக்கிழமை நஸீர் நானா மறுபடியும் போன் எடுத்தார். பொலிஸ்காரர் சீடியைக் கொண்டுவந்து கொடுத்தாராம். “‘லஸ்ஸன மகுலக்’னு செல்லிட்டுப் போன, மிஸ்.” அழகான கலியாணமாம்! ஆறுதல்தான். ஆனால் அவர் எதையெல்லாம் பார்த்தார், எதையெல்லாம் மனதில் வைத்தார்... யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போன்.

“பார்த்தன் பிள்ளை. முழுக்கப் பார்த்தன்.”

நெட் கஃபேக்காரரிடம் முரளி முன்பே பைலின் பெயரைச் சொல்லிவைத்திருந்தானாம். அவன் அழித்த பிறகும், முகம் தெரியாத யார் யாருடையவோ கம்பியூட்டர்களிலிருந்து அது அங்கே இறங்கியிருக்கிறது.

“கதிரைக்குப் பின்னால ஒரே சனம். கனகாலத்துக்குப் பிறகு ஒரு கலியாணம் பார்க்கினமாம். ஒரு மனிசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதிட்டுது. பொம்பிளை நல்ல வடிவெண்டு எல்லாரும் சொல்லிச்சினம். அவளிட்டப் போனைக் குடு.”

தேவிகா வாங்கினாள். “சரிங்க அத்தை... நல்லா இருக்கேங்க அத்தை...” முகம் மெல்ல இளகியது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அவங்களும் யாருன்னே தெரியாதவங்கதானே அண்ணி? ஆனா...”

தெரியாதவர்களின் கண்ணுக்குப் பயந்து கேற்றைப் பூட்டிக்கொண்டிருந்தோம். அங்கே தெரியாதவர்கள்தான் அம்மாவுக்குச் சொந்தபந்தமாக நின்றிருக்கிறார்கள். கம்பனியின் நியாயம், நஸீர் நானாவின் நியாயம், தேவிகாவின் நியாயம்... எதை எங்கே வைப்பது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். புதுப் படம் என்று நம்பி எங்கள் கலியாணத்தை எடுத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள். அழிப்பதற்கு முன் ஒரு தடவை வாழ்த்திவிடுங்கள்.