இடப் பக்கத்துக் கட்டில்

இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் டிரைவரம்மாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவள். லேசில் யாருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லாதவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்பது பயணிகளோடு போய்க்கொண்டிருந்தபோது பஸ்ஸின் இடது பக்கம் ஒரு கம்பத்தில் உரசியது. அந்தக் கம்பம் அவள் கண்ணிலேயே படவில்லை. இடது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. வலது கையாலேயே ஒடித்து, ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தாள். அதன்பிறகுதான் சாய்ந்தாள்.

"மூளையோட வலது பக்கத்துக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு," என்றார் டாக்டர், மகளிடம். "அதான் இடது கை கால் விழுந்துருச்சு. இன்னொண்ணு... இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்கு இப்போ தெரியாது. கண்ணு நல்லாத்தான் இருக்கு. கவனம்தான் அங்க போகாது."

உண்மைதான். தட்டில் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு, "என்ன, இங்க அரை வயித்துக்குத்தான் போடுவாங்களா?" என்று சண்டை பிடித்தாள். மகள் தட்டைத் திருப்பி வைத்தாள். மீதிச் சாப்பாடு எங்கிருந்தோ முளைத்தது.

மூன்றாம் நாள். மத்தியானப் பார்வையாளர் நேரம் முடிந்து மகள் கிளம்பிவிட்டாள். கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

சர்... சர்...

யாரோ காலை இழுத்து நடக்கும் சத்தம். இடப் பக்கத்திலிருந்து. பிறகு அவளுடைய இடது கையை யாரோ பிடித்தார்கள். சில்லென்ற விரல்கள்.

காலையில்தான் டாக்டர் அதே கையில் ஊசியால் குத்திப் பார்த்திருந்தார். அது தெரியவில்லை. இது தெரிந்தது.

"எந்திரி. போலாம்." பெண் குரல்.

"எங்க?"

"வண்டி நிக்குது."

"நிக்கட்டும். இன்னொருத்தி ஓட்டுற வண்டியில ஏறி எனக்குப் பழக்கமில்ல."

பிடி தளர்ந்தது. மணி மூன்று பதினான்கு.

மறுநாள் மகளிடம் சொன்னாள். "பக்கத்துக் கட்டில்காரி கையைப் பிடிச்சு இழுக்கிறாடி."

மகள் வலப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். "அவங்க இன்னும் கண்ணே திறக்கலையேம்மா."

டிரைவரம்மா சொன்னது அவளை இல்லை. ஆனால் இடது பக்கம் எது என்று கைகாட்டத்தான் அவளால் முடியவில்லை.

அன்றும் மூன்று பத்து. பிடி முழங்கைவரை ஏறியது. ஐந்தாம் நாள், தோள்வரை.

ஆறாம் நாள் கட்டிலே அசைந்தது. க்ரீச்...

"தனியாப் போக பயமா இருக்கு. வா."

தலை சுற்றியது. நாக்கு தடித்தது. நன்றாக இருந்த வலது காலும் மரத்துப் போவதுபோல்...

"வா..."

டிரைவரம்மா வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டினாள். தடவினாள். அகப்பட்டது.

மெலிந்த விரல்கள். ஈரம்.

பிரித்தாள்.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

"வரமாட்டேன். போடி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். செயலற்ற அந்த இடது கையில் நான்கு விரல் தடம், கன்றிச் சிவந்து கிடந்தது. அவளே அழுத்திப் பிடித்திருப்பாள் என்று எழுதி வைத்தார்கள்.

அதன்பிறகு அந்தச் சத்தம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஒரு கையில் தடி, மறுபக்கம் மகளின் தோள். கால்மாட்டுக்கு வந்து நின்று, தான் படுத்திருந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். படுத்திருந்தபோது இடப் பக்கமாக இருந்தது இப்போது வலப் பக்கமாக, கண்ணெதிரே இருந்தது.

சுவர்.

கட்டில் அதோடு ஒட்டிக் கிடந்தது. நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை.

"இங்க இருந்த கட்டில் எங்க?"

கூட்டிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்தினாள். "இந்தச் சுவர் எழுப்பியே ரெண்டு வருஷமாச்சே. அதுக்கு முன்னாடி இருந்துச்சு. பக்கவாதம் வந்த ஒரு அம்மா. துணைக்கு யாருமில்ல. பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேதான் உயிரை விட்டாங்க. அன்னிக்கே அந்தப் பக்கத்துக் கட்டில்காரங்களும் போயிட்டாங்க." குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பக்கத்துக் கட்டில் இதுதான். அதுக்கப்புறம் இதுல படுத்தவங்கள்ல, உயிரோட எழுந்து போற முதல் ஆள் நீங்கதான்."

டிரைவரம்மா, தனக்காகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த சக்கர நாற்காலியைத் தடியால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, வாசல்வரை நடந்தே போனாள்.