தோட்டா மீன்

பாய் அந்தக் கட்லா மீனின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தொண்ணூறுகளில், காரமடைக்கு அப்பால் மலையடிவாரத்து அணை ஒன்றிலிருந்து உக்கடம் மார்க்கெட்டுக்கு என் வேனில் மீன் ஏற்றிவந்தேன். பாய் அங்கே மொத்த வியாபாரி. காலை ஏலம் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. அழுத்திய இடம் பொதபொதவென்று உள்ளே போனது. கீறிப் பார்த்தார். நடுமுள் நொறுங்கிக் கிடந்தது.

"ஏனுங்க தம்பி, இது வலையில உழுந்த மீனில்லீங்க. பாறைக்கு வெக்கிற தோட்டாவத் தண்ணிக்குள்ள வெடிச்சுக் கொன்னது. ஆரு போடறாங்க?"

அணையில் மீன்பிடி உரிமை எடுத்திருந்த குத்தகைக்காரர், நடுவிலிருந்த திட்டில் மீன் பிடிக்க ஐந்து குடும்பங்களை வைத்திருந்தார். வேலை முடிந்ததும் அவருடைய ஆட்கள் பரிசல்களைக் கரைக்குக் கொண்டுவந்து சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள்; அதன்பின் திட்டிலிருந்து ஒருவரும் வெளியேற முடியாது. பரிசல் களவு போகாமலிருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்; அப்படி நினைப்பது எனக்கு வசதி. வாயைத் திறந்தால் எனக்குக் கிடைக்கும் லோடு போய்விடுமே. ஆனால் அன்று விடியலில் திட்டிலிருந்து வந்த ஒருவர் ஒற்றைக் கையால் கூடை இறக்கினார். மற்றக் கையில் ரத்தம் ஊறிய துணி. தோட்டா கையிலேயே வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று கெஞ்சியவரைத் திட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இந்த மீன ஒருத்தரும் தொடாதீங்க!" என்று மார்க்கெட்டே அதிரக் கத்திவிட்டு, பாய் வேனில் ஏறி உட்கார்ந்தார். "கலெக்டர் ஆபீசுக்கு ஓட்டுங்க. நீங்கதான் சொல்லோணும்."

"நானுங்களா?"

"பாத்தது நீங்கதானுங்களே."

கலெக்டர் ஆபீசில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். உச்சிவெயிலில் முன்னே அதிகாரிகளின் இரண்டு ஜீப், பின்னே என் வேன். அணையில் இறங்கியதும் குத்தகைக்காரரின் ஆட்கள் காட்டுக்குள் ஓடினார்கள். என் ஜாக்கிக் கம்பியால் நானே பரிசல் பூட்டை அடித்தேன். மூன்றாவது அடியில் தெறித்தது! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயும் பரிசலைத் தள்ளினார். பரிசல் தங்களை நோக்கி வருவது விளங்கியதும், திட்டிலிருந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கூவினார்கள்.

பிறகு குத்தகை ரத்தானது, வழக்கு நடந்தது, என் லோடும் போனது. அதைப் பற்றியெல்லாம் அன்று எனக்கு நினைப்பே இல்லை. எல்லோரையும் கரைசேர்த்து வேனில் ஏற்றினோம்; காயம்பட்டவரை முன்சீட்டில் உட்கார வைத்தோம். அவர் மனைவி வேன் கதவைப் பிடித்தபடி, "இந்த வண்டி எங்கீங்க போகுது?" என்றார்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குங்க, அம்மணி," என்றார் பாய். "அப்புறம் நீங்க எங்க சொல்றீங்களோ, அங்க."

"வெள்ளகோவில்!" என்று அந்தப் பெண் கத்தினார். உடனே வேனுக்குள்ளிருந்து ஆளாளுக்குத் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவத் தொடங்கினார்கள்.